இரண்டு பணமும் ஒரு வாக்கும்

(ஆஸ்பத்திரியின் வருடாந்தர ஸ்தோத்திரக் கூடுகையில் நமது ஆஸ்பத்திரிப் போதகர் அளித்த செய்தி)

கர்த்தர் இன்னொரு வருஷத்தை நமக்குக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். அவருக்கே மகிமை உண்டாவதாக.

சென்ற வருஷம் நன்கொடை ரசீதுகளை அனுப்பியபோது ஒரு மூத்த ஆதரவாளரிடமிருந்து எங்களுக்குப் பதில் கடிதம் வந்தது. அவர் முப்பது வருஷமாய் மாதம் தவறாமல் காணிக்கை அனுப்புகிறவர். நாலே வரி எழுதியிருந்தார். ராமநாதபுரத்திலேயே அரசாங்கம் மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டதே, பெரிய ஆஸ்பத்திரி வந்துவிட்டதே, இனி நம்முடைய சின்ன ஆஸ்பத்திரிக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் கோபத்தில் எழுதவில்லை. காணிக்கைப் பணம் எங்கே போக வேண்டும் என்ற கவலையோடு எழுதினார். அந்தக் கடிதத்தை எங்கள் கமிட்டியில் மூன்று முறை வாசித்தோம். அவருக்கும், அதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கிறவர்களுக்கும் இன்று பதில் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, அந்தக் கல்லூரி ஏன் வேண்டியிருந்தது என்று நாங்கள் கண்டதைச் சொல்லுகிறோம்.

1997-ஆம் வருஷம், ஐப்பசி மழைக்காலம். கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு தாயை மாட்டு வண்டியில் ஏற்றி, அப்புறம் மீன் லாரியில் மாற்றி, இரவு பத்து மணிக்கு நம்முடைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நிறைமாதம். இரத்தப்போக்கு நிற்கவில்லை. அன்று நமக்கு இருந்தது ஒரே டாக்டர். மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை. இரத்த வங்கி இல்லை. மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆஸ்பத்திரி ஜீப்பில் அந்தத் தாயையும், அவளுடைய மாமியாரையும், ஒரு நர்சம்மாவையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் புறப்பட்டோம். பரமக்குடி வரைக்கும் அவள் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளைக்குச் சோறு போட்டார்களா என்று கேட்டாள். மானாமதுரையைத் தாண்டும்போது அவள் பேச்சு நின்றுவிட்டது. மதுரையில் டாக்டர்கள் ஓடி வந்தார்கள். அவர்களால் செய்யக்கூடியது ஒன்றும் மீதியிருக்கவில்லை.

அந்த மாமியார் எங்களிடம் கேட்ட கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது. "ஏன் ஐயா, எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு பெரிய டாக்டர் இருக்கக் கூடாதா?" பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஜெபித்தோம். அந்தக் கேள்விக்குப் பதில் கொடுக்க ஜெபத்தோடு கூட ஒரு கட்டடமும், ஒரு சட்டமும், கோடிக்கணக்கான பணமும் வேண்டும் என்று புரிந்துகொள்ள எங்களுக்கு வருஷங்கள் ஆயின.

அந்தப் பணம் எப்படி வந்தது என்று ஆதரவாளர்களாகிய நீங்கள் அறிந்திருப்பது நல்லது. மருத்துவக் கல்லூரி இல்லாத, வசதி குறைந்த மாவட்டங்களைத் தேர்ந்துகொண்டு, அங்கே ஏற்கெனவே இருக்கும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியோடு ஒரு கல்லூரியை இணைத்துக் கட்டுவது என்று மத்திய அரசு 2014-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதன் மூன்றாம் கட்டத்தில் ஒரு கல்லூரிக்கு 325 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். அதில் நூற்றுக்கு அறுபது பங்கு, அதாவது 195 கோடி, மத்திய அரசு கொடுக்க வேண்டும். மீதி 130 கோடியை மாநில அரசு போட வேண்டும். நம்முடைய தமிழகத்துக்கு ஒரே சமயத்தில் பதினொரு கல்லூரிகள் கிடைத்தன. விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், கிருஷ்ணகிரி, அவைகளோடு நம்முடைய ராமநாதபுரம். 2022 ஜனவரி 12-ஆம் தேதி அவைகளைத் திறந்து வைத்தார்கள். மொத்தச் செலவு சுமார் 4,000 கோடி. மத்திய அரசின் பங்கு 2,145 கோடி. மீதியெல்லாம் மாநிலத்தின் பங்கு. பதினொன்றிலும் சேர்த்து வருஷத்துக்கு 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள். ராமநாதபுரத்தில் 100 இடங்கள்.

இது யாருடைய பணம்? நம் எல்லாருடைய பணமுந்தான். குப்பத்துப் பெண் வாங்குகிற சோப்புக்கட்டியிலும் வரி இருக்கிறது. அந்த மாமியாரும் அதற்குக் கொடுத்திருக்கிறாள். ஆகையால் அந்தக் கல்லூரியை யாரோ பெரிய மனிதர் கொடுத்த தர்மம் என்று எண்ணாதிருங்கள். அது ஏழைகள் தாங்களே சேர்த்துப் போட்ட காணிக்கை என்று நாங்கள் எண்ணுகிறோம்.

அதில் படிக்கிற பிள்ளைகள் யார் என்றும் பாருங்கள். தனியார் கல்லூரியில் வருஷக் கட்டணம் லட்சங்களில் போகிறது. அரசுக் கல்லூரியில் அது ஆயிரங்களில் நிற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை சதவீதம் இடம் என்று 2020-இல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முந்திய வருஷங்களில் அரசுப் பள்ளியிலிருந்து டாக்டர் படிப்புக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் வருஷத்திலேயே முந்நூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. அவர்களுடைய படிப்புக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது. பனையேறுகிறவர் மகளும் வலை பின்னுகிறவர் மகனும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நடக்கிறதைப் பார்த்தால் நம்முடைய மிஷனெரி முன்னோர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்கள்.

பலன் இல்லாமலும் இல்லை. 2023-இல் அதே கடற்கரையிலிருந்து இன்னொரு தாய் நம்மிடம் வந்தாள். அதே ஆபத்து. நம் டாக்டர் பார்த்தார், ஊசி போட்டார், 108 வண்டியில் ஏற்றினார். இந்த முறை வண்டி மதுரைக்குப் போகவில்லை, ராமநாதபுரத்துக்குப் போயிற்று. பத்து நாள் கழித்து அந்தத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நம்முடைய காலை ஜெபத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அன்று எங்களால் பிரசங்கத்தைத் தொடர முடியவில்லை.

ஆகவே, கடிதம் எழுதிய சகோதரருக்கு எங்கள் முதல் பதில் இதுதான். அரசாங்கம் கல்லூரி திறந்தது நமக்கு நஷ்டம் அல்ல. நோயாளிகள் நம்மை விட்டு அங்கே போகிறார்கள் என்று நாம் வருத்தப்பட்டால், நம்முடைய ஊழியம் யாருக்காக என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதாகும்.

இரண்டாவது பதில் சற்று நீளமானது. பொறுமையாய்க் கேளுங்கள்.

நல்ல சமாரியன் உவமையை நாம் சிறுபிள்ளையிலிருந்து கேட்டிருக்கிறோம். அரசரடியில் நாங்கள் இறையியல் படித்த காலத்தில் ஆசிரியர் ஒருவர் எங்களிடம் கேட்டார், அந்தக் கதையில் அடிபட்டவனை இராமுழுவதும் கவனித்தது யார் என்று. நாங்கள் எல்லாரும் சமாரியன் என்றோம். முதல் இராத்திரி சரி, மறுநாள் இராத்திரி யார் என்று கேட்டார். அப்போதுதான் சத்திரத்துக்காரன் எங்கள் கண்ணில் பட்டான். சமாரியன் மறுநாள் புறப்பட்டுப் போகிறான். போகும்போது இரண்டு பணத்தைக் கொடுக்கிறான். அதோடு நிறுத்தவில்லை, இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது நான் தருவேன் என்று வாக்கும் கொடுக்கிறான். பணம் ஒரு நாள் காரியம். வாக்கு தொடர்ந்து நடக்கிற காரியம். சத்திரத்துக்காரன் கதவைத் திறந்து வைத்திருந்தது அந்த வாக்கை நம்பித்தான்.

நம்முடைய மருத்துவக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். 325 கோடி என்பது இரண்டு பணம். அது கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் ஆனது. ஒரு முறை கொடுத்து முடிகிற பணம். அதற்குப் பின்பு மாதா மாதம் பேராசிரியருக்குச் சம்பளம், பயிற்சி டாக்டருக்கு உதவித்தொகை, பரிசோதனைக் கூடத்துக்கு மருந்து, ஸ்கேன் இயந்திரம் பழுதானால் சரிசெய்யும் செலவு ஆகியவை வருஷந்தோறும் வேண்டும். கல்லூரியின் திறப்பு விழா ஒரே ஒரு நாள் நடக்கும். சம்பளத் தேதியோ ஒவ்வொரு மாதமும் வரும். 2014-இல் இந்தத் தேசத்தில் 387 மருத்துவக் கல்லூரிகளும் சுமார் 51,000 எம்.பி.பி.எஸ். இடங்களும் இருந்தன. பத்து வருஷத்துக்குள் இடங்கள் இரண்டு மடங்குக்கு மேலாகி ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. இடத்தைப் பத்து வருஷத்தில் இரட்டிக்கலாம். கற்றுக்கொடுக்கும் மூத்த டாக்டரை அவ்வளவு வேகமாய் உண்டாக்க முடியாது. எம்.பி.பி.எஸ். படித்து முடிக்க, பயிற்சி வருஷமும் சேர்த்து, ஐந்தரை வருஷம். மேற்படிப்பு மூன்று வருஷம். அதற்குப் பின்பு அநுபவம். 2022-இல் ராமநாதபுரத்தில் சேர்ந்த முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2027-ஆம் வருஷ வாக்கில்தான் பயிற்சிக் காலம் முடியும் என்பது கணக்கு. அவர்கள் ஆசிரியராக இன்னும் எத்தனை வருஷம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

படித்து முடித்தவர்கள் இங்கேயே இருப்பார்களா என்பது அடுத்த கேள்வி. இதிலே நம்முடைய மிஷன் சரித்திரம் நமக்குப் பாடம் சொல்லுகிறது.

1847-இல் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மிஷனெரி டாக்டர் யாழ்ப்பாணம் வந்தார். மறுவருஷமே மானிப்பாயில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவம் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். முதலில் இங்கிலீஷில் கற்றுக்கொடுத்தார். பின்பு தாமே தமிழ் கற்று, மருத்துவப் புத்தகங்களைத் தமிழாக்கி, 1860-களில் தமிழிலேயே வகுப்பு நடத்தினார். தமிழில் படித்தவர்கள் தங்கள் ஜனத்தின் நடுவிலேயே தங்கி ஊழியம் செய்வார்கள் என்பது அவருடைய நம்பிக்கைகளில் ஒன்று. அவர் தேசத்தை விட்டுப் போவதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட டாக்டர்களைப் பயிற்றுவித்தார். அவருக்குப் பெரிய கட்டடம் இல்லை. ஆனால் எந்த ஜனத்துக்கு டாக்டர் வேண்டுமோ அந்த ஜனத்தின் நடுவில் வைத்தே டாக்டரை உருவாக்க வேண்டும் என்ற தெளிவு இருந்தது.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரும் அப்படியே செய்தார்கள். 1900-இல் ஒரே படுக்கையோடு தொடங்கியவர்கள், 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார்கள். தாம் ஒருவராய் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று உணர்ந்ததால்தான் அந்தப் பள்ளி பிறந்தது. 1942-இல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாய் உயர்ந்தது. இன்றுவரை சபைகள் பிள்ளைகளை ஸ்பான்சர் செய்து அங்கே அனுப்புகிற வழக்கமும், படித்து முடித்தவர்கள் இரண்டு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரிகளில் பணிசெய்கிற வழக்கமும் இருக்கிறது. நம்முடைய ஆஸ்பத்திரிக்கு டாக்டர்கள் வந்தது அந்த வழியில்தான்.

இங்கே எங்களுடைய குறையையும் நாங்கள் அறிக்கையிட வேண்டும்.

2011-இல் அப்படி ஒரு டாக்டரம்மா நம்மிடம் வந்தார்கள். நம்முடைய சபைப் பிள்ளை. நீங்கள் கொடுத்த பணத்தில் படித்தவர்கள். கெட்டிக்காரர். இரண்டு வருஷம் முடிந்தும் மூன்றாவது வருஷமும் தங்கினார்கள். 2014-இல் போய்விட்டார்கள். அப்போது கமிட்டியில் சிலர் கசந்து பேசினார்கள். சபைப் பணத்தில் படித்துவிட்டு நகரத்துச் சம்பளத்துக்குப் போகிறாளே என்றார்கள். அதை மறுக்க வேண்டிய நாங்களும் மௌனமாயிருந்தோம். புறப்படும் நாளில் அந்த அம்மா எங்களிடம் சொன்னதை இன்றுதான் வெளியே சொல்லுகிறோம். "ஐயா, சம்பளத்துக்காக நான் போகவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குச் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பேன்? மூன்று வருஷமாய் ஒருவரும் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. தெரிந்ததும் மறந்துபோகிறது."

நாம் அவர்களுக்குப் படிப்பு கொடுத்தோம். குவார்ட்டர்ஸ் கொடுத்தோம், மழைக்கு ஒழுகுகிற குவார்ட்டர்ஸ். மூத்த டாக்டர் ஒருவரைப் பக்கத்தில் கொடுக்கவில்லை. இரண்டு பணத்தைக் கொடுத்துவிட்டு வாக்கை மறந்துபோனோம். அந்த அம்மா போனதற்கு அவர்கள் மேல் பழி இல்லை. அது நம்முடைய குற்றம்.

அரசாங்கமும் இந்தக் காரியத்தைப் புரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உழைக்கும் அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்குவது தமிழகத்தில் வெகுகாலமாய் இருந்த ஏற்பாடு. கிராமத்துக்குப் போனால் படிப்பு நின்றுவிடாது, படிப்புக்கு வழி திறக்கும் என்ற நம்பிக்கையை அது கொடுத்தது. இடையில் விதிகள் மாறி அது தடைப்பட்டது. 2020 ஆகஸ்டு 31-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள், அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தார்கள். அதே வருஷம், மேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பயிற்சி பெற வேண்டும் என்ற விதியும் வந்தது. இவை கட்டடங்கள் அல்ல, ஆனாலும் கட்டடத்தைவிடப் பெரியவை. ஒரு டாக்டரை ஒரு ஊரோடு கட்டுகிற கயிறு இவைதான்.

ஆகையால், அன்பானவர்களே, "இனி ஏன் கொடுக்க வேண்டும்" என்ற கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். முன்பு கொடுத்த காரியத்துக்கே கொடுக்க வேண்டாம். அரசாங்கம் வாங்கி வைத்திருக்கிற இயந்திரத்தையே நாமும் ஒன்று வாங்கிப் போட்டிபோட வேண்டியதில்லை. பெரிய அறுவை சிகிச்சை அங்கே நடக்கட்டும். ஆனால் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் குப்பத்துக்கும் நடுவில், ஆபத்தை முதலில் கண்டுபிடித்துச் சரியான நேரத்தில் அனுப்புகிற ஒரு டாக்டர் வேண்டும். 2023-இல் வந்த அந்தத் தாய் பிழைத்தது ராமநாதபுரத்தில் கல்லூரி இருந்ததால் மட்டும் அல்ல. இங்கே அன்று இரவு ஒரு டாக்டர் விழித்திருந்ததாலும்தான்.

எனவே கமிட்டியார் ஜெபித்து, மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்று, மூத்த டாக்டர் ஒருவருடைய சம்பளம், மூன்று வருஷத்துக்கு. ஸ்பான்சர் முறையில் நம்மிடம் வரும் இளம் டாக்டர்களோடு வார்டில் சுற்றி, கற்றுக்கொடுத்து, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வருகிறவராய் ஒருவர் வேண்டும். ஓய்வு பெற்ற டாக்டர் யாராவது உங்கள் சபையில் இருந்தால் அவரிடமும் பேசுங்கள். பணத்தைவிட அவர் எங்களுக்கு அதிகம் தேவை.

இரண்டு, டாக்டர் குவார்ட்டர்ஸ்களின் கூரை. இதற்கு விளக்கம் தேவையில்லை.

மூன்று, நம்முடைய பக்கத்து அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவப் படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு நிதி. கட்டணத்தை அரசு ஏற்கிறது. ஆனால் வீட்டில் சம்பாதிக்க வேண்டிய பிள்ளை ஐந்தரை வருஷம் படிக்கும்போது அந்த வீடு எப்படிச் சாப்பிடும்? புத்தகத்துக்கும், பண்டிகைக்கு ஊர் வந்துபோகிற செலவுக்கும், வீட்டு அரிசிக்கும் உதவ விரும்புகிறோம். எந்த மதம், எந்த ஜாதி என்று கேட்கப் போவதில்லை. விடுமுறையில் ஒரு வாரம் நம்முடைய வார்டில் வந்து நிற்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இந்த மூன்றுக்கும் மேலாக, பணம் செலவாகாத ஒன்றைக் கேட்கிறோம். நீங்கள் விசுவாசிகள் மட்டும் அல்ல, இந்தத் தேசத்தின் குடிமக்களும் ஆவீர்கள். ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகிறவர்களிடம், எந்தக் கட்சியாயிருந்தாலும், ஒரு கேள்வி கேளுங்கள். எங்கள் மாவட்டக் கல்லூரியில் ஆசிரியர் இடங்கள் எத்தனை, அதில் நிரம்பியது எத்தனை என்று கேளுங்கள். கட்டடம் கட்டியவர்களை வாழ்த்துங்கள். அதோடு விடாதிருங்கள். இரண்டு பணத்துக்கு நன்றி சொல்லி, வாக்கை ஞாபகப்படுத்துங்கள்.

கடிதம் எழுதிய அந்த மூத்த சகோதரருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினோம். பதிலாக ஒரு மணியார்டர் வந்தது. தொகை வழக்கமானதுதான். செய்தி எழுதும் இடத்தில் "ராத்திரி இரண்டு மணி டாக்டருக்கு" என்று மட்டும் எழுதியிருந்தார்.

1997-இல் அந்த மாமியார் கேட்ட கேள்விக்கு அரசாங்கம் பாதிப் பதில் கொடுத்துவிட்டது. மறுபாதியைக் கொடுக்க கர்த்தர் நம்மை அழைக்கிறார். அந்தத் தாய் விட்டுச்சென்ற மூத்த பிள்ளை இன்று நம்முடைய ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். இந்தக் கூடுகைக்கு நாற்காலி போட்டதும் அவர்தான். அவரையும் அவருடைய வீட்டாரையும், நம்முடைய இளம் டாக்டர்களையும், ராமநாதபுரம் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளையும், அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவர்களையும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.